லிஃப்ட் குழியில் குடித்தனம்

ஒரு தவளைக்காக லிஃப்டை நிறுத்திவிட்டார்கள் என்று காவலாளி சொன்னபோது லாரிக்காரர் நம்பவில்லை. சொன்னவுடன் நம்புகிற ரத்தம் அவருக்கு இல்லை. மருந்துக்கடையில் கொடுக்கும் மாத்திரையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். பால் பொட்டலத்தைக் குலுக்கிப் பார்ப்பார். காலையில் வானொலி மணி சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், எல்லாம் ஒத்துப்போனால் எல்லாரும் கூட்டு என்பார்.

"தவளையாவது மண்ணாவது. மோட்டார் எரிஞ்சிருக்கும். அதை வெளியே சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, வாயில்லாத ஜீவன் மேல பழியைப் போடுறாங்க."

"வாயில்லாத ஜீவனா? அது எப்ப கத்தும் எப்ப கத்தும்னுதான் ஒரு பொண்ணு குழி ஓரத்துல தவம் கிடக்குது" என்றான் காவலாளி.

லாரிக்காரர் படியேறினார். வீடு ஏழாம் மாடியில். நாலாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். யாராவது பார்த்தால் சன்னலுக்கு வெளியே எதையோ தேடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். காலம் முழுக்க லாரியில் உட்கார்ந்தே பிழைத்த மனுஷன். கால் என்று ஒன்று இருப்பது பிரேக் மிதிக்கத்தான் என்று நினைத்திருந்தவர்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆரம்பித்து வைத்ததே அவர்தான். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, தங்கை வீட்டில் போய் இருந்தாள். அது தரைத்தளம், படி கிடையாது. கால் கொஞ்சம் நிலைத்ததும் வந்துவிடுவதாகப் பேச்சு. வருகிறவள் பத்திரமாக மேலே ஏற வேண்டுமே என்று, கட்டடத்துச் சங்கச் செயலாளரை இவர்தான் ஓயாமல் நச்சரித்தார். "கயிறு சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அடியில குழியில தண்ணி நிக்குதாம், அதை இறைக்கச் சொல்லுங்க." நச்சரிப்பு தாங்காமல் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். குழிக்குள் இறங்கியவன் தண்ணீரில் குட்டிக் குட்டியாகத் தவளைகளைப் பார்த்தான். வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று போனில் படம் எடுத்தான். அந்தப் படம் கை மாறி, ஊர் மாறி, தவளையைப் பற்றியே படித்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அவள் முதுகுப் பையோடு ஓடிவந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாளாம்.

அந்தப் பக்கம் முழுவதும் முன்னே சதுப்பு நிலம். அதை மேடாக்கி, பெட்டி பெட்டியாகக் கட்டடம் எழுப்பி, புல் முளைக்க இடமில்லாமல் சிமென்ட் போட்டுவிட்டார்கள். சதுப்பில் இருந்த அந்தத் தவளை இனம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தொலைந்துவிட்டது என்று படித்தவர்கள் துக்கம் கொண்டாடி முடித்தும் விட்டார்கள். ஆனால் இந்த ஒரு கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர் திருடன். லிஃப்ட் குழிக்குத் தண்ணீர் கசியாமல் பூச வேண்டிய பூச்சைப் பூசாமலே பூசினதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மண்ணுக்குள் இருந்த சதுப்புத் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிக் குழிக்குள் வந்தது. தண்ணீரோடு தவளையும் வந்து குடியேறிவிட்டது. யோக்கியன் கட்டிய மற்ற கட்டடங்களில் ஒரு தவளை இல்லை.

லிஃப்ட் ஓடினால் தவளைக்கு அதிர்ச்சி, மழைக்காலத்தில்தான் அது முட்டையிடும், அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். சங்கத்தில் ஒத்துக்கொண்டார்கள். செயலாளர் பல் டாக்டர். முதல் மாடியில் வீடு, அதே மாடியில் கிளினிக். லிஃப்ட் ஓடினாலும் நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். "உயிரினத்தைக் காப்பாத்துறதுல நம்ம கட்டடத்துக்குப் பெருமை" என்று அவர் சொன்னபோது, முதல் மாடியும் இரண்டாம் மாடியும் கை தட்டின. ஏழாம் மாடி கை தட்டவில்லை.

லாரிக்காரர் தினமும் பஸ் பிடித்து மனைவியைப் பார்க்கப் போவார். அங்கே சகலை இருப்பார். சகலை கல்லூரியில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்போடு சொல்லுவார். அந்தச் சிரிப்புக்குள் என்னவோ இருக்கிறது என்பது கல்யாணமான நாளிலிருந்து லாரிக்காரரின் கட்சி.

அன்றைக்குப் போனபோது சகலை குளியலறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். சுவரெல்லாம் பளபளவென்று பிடிகம்பி.

"அக்காவுக்காகப் போட்டது அண்ணே. எங்க கை வெச்சாலும் பிடிமானம்."

"இத்தனை கம்பி எதுக்கு? குளிக்கிறதா, சர்க்கஸ் பண்றதா?"

"நிரந்தரமா இங்கயே இருக்கப் போறாங்கன்னா எல்லாம் சரியா இருக்கணும்ல."

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் லாரிக்காரர் ஒரு கம்பியை அசைத்துப் பார்த்தார். கூடத்துக்கு வந்தார். மனைவி நாற்காலியில் காலை நீட்டி, பழத்தை நறுக்கி வைத்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அதைப் பார்க்க சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"நிரந்தரமாமே?" என்றார்.

"தங்கச்சி கேட்டா. நானும் யோசிக்கிறேன். டாக்டர் படி ஏறக் கூடாதுன்னுட்டார். ஏழு மாடியை நான் எப்படி ஏற? நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?"

"லிஃப்ட் ஓடும்."

"எப்ப?"

"ஓடும்."

"இதே பதிலைத்தான் போன வாரமும் சொன்னீங்க. இங்க பாருங்க, மழை பிடிக்கிறதுக்குள்ள லிஃப்ட் ஓடினா நான் வரேன். இல்லேன்னா என் துணிமணி எல்லாத்தையும் இங்க கொண்டு வந்து போட்டுடுங்க. நீங்களும் வந்து இருங்க. யாரு வேணாம்னாங்க?"

"வாங்க மாமா, மேல ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்றாள் கொழுந்தியாள் அடுப்படியிலிருந்து.

சகலை சிரித்தார். லாரிக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். காலையில் எழுந்ததும் அந்தச் சிரிப்பு, சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு, செருப்பை எங்கே விட வேண்டும் என்று சொல்லித்தருகிற அந்தச் சிரிப்பு. அதைவிட ஏழு மாடி ஏறி மூச்சடைத்துச் சாகலாம். ஆனால் வீட்டில் அவர் சமைத்ததை அவராலேயே தின்ன முடியவில்லை. சமையல்கூடப் பரவாயில்லை. ஒரு விஷயத்தை நம்ப முடியாது என்று சொல்ல ஆள் இல்லாமல், நம்பாமல் இருப்பதிலேயே ருசி போய்விட்டது.

திரும்பி வந்ததும் நேரே குழி ஓரத்துக்குப் போனார். லிஃப்ட் பெட்டி உச்சியில் நிற்க, கீழே கிரில் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே ஒரு கயிறு. அந்தப் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மைக் நூலில் கட்டிக் குழிக்குள் தொங்கியது.

"பாப்பா, தவளையைக் காட்டு."

"வாங்கய்யா." டார்ச் அடித்தாள். கறுத்த தண்ணீர் ஓரத்தில், ஈரச் சிமென்ட் நிறத்தில், கட்டைவிரல் நகமளவு ஒன்று உட்கார்ந்திருந்தது. வயிறு மட்டும் மஞ்சள். கண் இரண்டும் துருத்திக்கொண்டு, கடன்காரனைப் பார்த்த மாதிரி முழித்தது.

"இதுவா?"

"இதுதான்."

"இதுக்குப் போயா அழுத?"

"நீங்க தொலைச்ச ஒண்ணு திரும்பக் கிடைச்சா அழமாட்டீங்களா?"

லாரிக்காரர் வேறு பக்கம் தாவினார். "செயலாளர் உனக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு அவரு உனக்கு இவ்வளவு தாங்குறாரு?"

"ஐயா, எனக்கே இங்க தூக்கம் இல்லை. ஆண் தவளை கத்தினாத்தான் பெண் தவளை வரும். வந்தாத்தான் முட்டை. முன்னாடியெல்லாம் குழிக்குள்ள இருந்து சத்தம் வரும், சீப்புப் பல்லை நகத்தால கீறுற மாதிரி, லிஃப்டுல ஏதோ கோளாறுன்னு நினைச்சோம்னு காவலாளி சொல்றாரு. ஆனா நான் வந்ததிலிருந்து ஒண்ணுகூட வாயைத் திறக்கலை. லிஃப்டையும் நிறுத்தியாச்சு, ஆள் நடமாட்டத்தையும் குறைச்சாச்சு. இந்த மழைக்குக் கத்தலைன்னா அவ்வளவுதான். இருக்கிறதெல்லாம் கிழடு. இதோட இந்த இனமே முடிஞ்சுது."

அவள் டார்ச்சை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லாரிக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. இவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வைப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் என்றும் உடனே தோன்றியது.

மறுநாள் டீக்கடையில் மெக்கானிக்கை மடக்கினார்.

"தம்பி, ஒரே ஒரு தடவை. மேலே மட்டும்."

"எது?"

"என் வீட்டுக்காரியை ஏத்திட்டா போதும். பகல்ல பல் டாக்டர் கிளினிக்குல இருப்பாரு. அந்தப் பொண்ணு சாப்பிடப் போகும். அந்த இடைவெளியில நீ மேல மோட்டார் அறையில இருந்து ஓட்டு."

"அப்புறம் அம்மா கீழே எப்படி வருவாங்க?"

"எதுக்கு வரணும்? எல்லாம் மேலயே இருக்கு. காத்து நல்லா வரும். டாக்டர் வேணும்னா டாக்டர் ஏறி வரட்டும்."

"ஐயா, வேலை போயிடும். கீழே தவளை வேற இருக்கு."

"லிஃப்ட் குழித் தரையைத் தொடுமா?"

"தொடாது. நல்லா உசரத்துலயே நின்னுடும்."

"அப்ப தவளைக்கு என்ன நஷ்டம்? அது பாட்டுக்குக் கீழ் வீட்டுல இருக்கட்டும், இவ மேல் வீட்டுல இருக்கட்டும். உன்னை யாரு காட்டிக்கொடுக்கப் போறா? தவளையா?"

மெக்கானிக் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"நீ எடுத்த படத்தாலதான் என் குடித்தனம் ரெண்டா நிக்குது. அதை மட்டும் நினைச்சுப் பாரு" என்றார் லாரிக்காரர். அந்த அடி சரியாக விழுந்தது. மெக்கானிக் டீயைக் குடிக்காமலே சரி என்று தலையாட்டினான்.

நாள் குறித்தாகிவிட்டது. வானம் மூடிக்கொண்டு மழைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். வாடகைக் காரில் மனைவியைக் கூட்டி வந்தார். கூடவே, வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல், சகலையும் ஏறிக்கொண்டார். ஒரு தலையணையும் ஒரு மடக்கு நாற்காலியும் தூக்கிக்கொண்டு. "அக்காவைப் பத்திரமா விட்டுட்டுப் போறேன் அண்ணே. லிஃப்ட் ஓடலைன்னா அப்படியே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடலாம்ல" என்றார், சிரிப்போடு.

குழி ஓரத்தில் ஆள் இல்லை. லாரிக்காரர் கயிற்றை அவிழ்த்தார். மைக்கை மெதுவாக ஓரமாகத் தள்ளி வைத்தார். போனில் மெக்கானிக்கிடம் "விடு" என்றார். லிஃப்ட் பெட்டி காலியாக, சத்தமில்லாமல், நல்ல பிள்ளையாக இறங்கி வந்தது. உள்ளே ஏறினார்கள். மனைவி எப்போதும் போல இடது மூலைக்குப் போனாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, நோகிற காலைத் தூக்கிக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் சுவர்மேல் சாய்த்தாள். சகலை நாற்காலியோடு நடுவில் நின்றார். லாரிக்காரர் கதவை இழுத்தார்.

லிஃப்ட் கிளம்பியது. கிளம்பியவுடன் இடது பக்கம் ஒரு முனகல் போட்டது. க்ர்ர்ரக். கொஞ்சம் ஏறி, மறுபடி க்ர்ர்ரக்.

"ஐயோ இந்தச் சத்தம். வீட்டுக்கு வந்துட்டேன்னு இப்பத்தான் தோணுது" என்றாள் மனைவி.

அப்போது கீழேயிருந்து வேறொரு சத்தம் எழுந்தது. சீப்புப் பல்லை நகத்தால் கீறுகிற சத்தம். முதலில் ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஒரு முடிதிருத்தும் கடையே கிளம்பி வந்தது போலக் குழி முழுக்க க்ரிட் க்ரிட் என்று ஒரே கூச்சல். சாப்பிடப் போகிற வழியிலேயே அந்தப் பெண் திரும்பி வந்திருக்க வேண்டும். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கீழே அவள் குரல் கேட்டது. மெக்கானிக் பயத்தில் மேலே மோட்டாரை அணைத்துவிட்டான். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கியது.

"பாத்தியா. மாட்டிக்கிட்டோம்" என்றார் லாரிக்காரர்.

"நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க. நான் சும்மா நிக்கிறேன்" என்றாள் மனைவி.

படியில் தடதடவென்று ஓடி வரும் சத்தம். அந்தப் பெண் மூன்றாம் மாடியில் வந்து நின்றாள். கிரில்லுக்குள் அவள் கண்ணுக்கு நேராக இவர்கள் பாதம் மட்டும்தான் இருந்தது. பின்னாலேயே பல் டாக்டர், கையில் ரப்பர் உறையோடு. அவருக்குப் பின்னால், வாயில் பஞ்சு அடைத்த ஒரு நோயாளி. டாக்டர் பாதியில் விட்டு ஓடிவந்தால் அவர் மட்டும் என்ன செய்வார், அவரும் வந்துவிட்டார்.

"ஐயா, கீழே இறக்குங்க" என்றாள் அந்தப் பெண், லாரிக்காரரின் செருப்பைப் பார்த்து.

"முடியாது. ஏறினது ஏறினதுதான்."

"ஐயா, உங்களைத் திட்டலை. தவளை கத்துது. கேட்டீங்கள்ல? கத்திருச்சு. நீங்க மறுபடி இறங்கி ஏறினா இன்னொரு தடவை கத்துமான்னு பாக்கணும். தயவுசெஞ்சு."

"இறங்குவோம். கதவைத் திறப்பீங்க. வெளியே இழுத்துப் போட்டுட்டுப் பூட்டுவீங்க. லாரியை மடக்கணும்னு நினைக்கிறவன் எல்லாம் இப்படித்தான் கும்பிட்டுக்கிட்டே வருவான்."

"நீங்க செஞ்சது தப்பு" என்றார் பல் டாக்டர்.

"பாரு. ஒருத்தர் உண்மையைச் சொல்லிட்டாரு" என்றார் லாரிக்காரர்.

"டாக்டர், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அந்தப் பெண். செயலாளரை அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் வாய் திறந்தபடி நின்றது, நோயாளிக்குப் பார்க்க இதமாக இருந்திருக்கும். "ஐயா, சத்தியமா சொல்றேன். லிஃப்டை நிறுத்தச் சொன்னதே நான் செஞ்ச தப்போன்னு இருக்கு. இது ஓடினாத்தான் அதுங்க கத்துதோ என்னவோ. இன்னொரு தடவை பாத்தாத்தானே தெரியும்?"

லாரிக்காரர் போனை எடுத்தார். மேலேயிருந்து மெக்கானிக் கேட்டான். "கீழேயா, மேலேயா?"

"மேலே" என்றார் இவர்.

"கீழே" என்றாள் மனைவி.

"எங்கயாவது போகச் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார் சகலை. முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

லாரிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குப் புரியலை. கீழே போனோம்னா அப்புறம் மேலே விடமாட்டாங்க. நீ இவங்க வீட்டுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் காலம் தள்ள வேண்டியதுதான். இன்னும் நாலு மாடி. நாலே மாடிதான். பிடிவாதமா நின்னோம்னா வீடு வந்துடும்."

"எதுக்குங்க இந்தப் பயம்?"

"பயமா? எனக்கா?"

"உங்களுக்குத்தான். நானும் உங்களோட லாரியில எத்தனை ஊர் வந்திருக்கேன். பக்கக் கண்ணாடி இருக்கும், கிளீனர் வரலாம் வரலாம்னு கத்துவான், நானும் சொல்வேன். இருந்தாலும் இறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துதான் பின்னால எடுப்பீங்க. பின்னால நின்னவன் எல்லாம் வயசாகிப் போனான். இப்பவும் அதே மாதிரி, அந்தப் பொண்ணு மூஞ்சியை உங்க கண்ணால பாருங்க."

"இங்கேருந்து மூஞ்சி தெரியலை."

"குனிஞ்சு பாருங்க."

லாரிக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கிரில் இடுக்கு வழியாகப் பார்த்தார். அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீரும் பல்லெல்லாம் சிரிப்புமாக நின்றாள். ஏமாற்றுகிறவர்கள் முகத்தில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும் என்பது அவர் அனுபவம். நிமிர்ந்தபோது மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் பிடியை விட்டார்.

"தம்பி, கீழே விடு" என்றாள்.

இறங்கும்போதும் க்ர்ர்ரக் என்றது. தரைத்தளம் நெருங்க நெருங்கக் குழிக்குள் கூச்சல் கூடியது. பெண் ஓடிவந்து தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டாள். கதவு திறந்தது. யாரும் யாரையும் வெளியே இழுக்கவில்லை. சகலை மட்டும் தானாக வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் சோதனை. காலி லிஃப்டை விட்டுப் பார்த்தார்கள். தவளைகள் கம்மென்று இருந்தன. லாரிக்காரரை ஏற்றி விட்டார்கள். ஒன்றும் இல்லை. இடது மூலையில் நிற்கச் சொன்னார்கள், சாயச் சொன்னார்கள். நம்பிக்கை இல்லாமல் சாய்ந்ததாலோ என்னவோ, அப்போதும் இல்லை. பல் டாக்டர் நல்ல பருமன். அவரை மூலையில் நிறுத்தியபோது லிஃப்ட் எருமை மாதிரி ஒரு சத்தம் போட்டது. குழிக்குள் இருந்த கொஞ்சநஞ்ச முணுமுணுப்பும் அடங்கிவிட்டது. மறுபடி மனைவியை ஏற்றினார்கள். மூலைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துச் சாய்ந்தாள். க்ர்ர்ரக். குழி முழுக்கக் கச்சேரி.

மெக்கானிக் இறங்கி வந்து பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தான். "பெட்டியைத் தண்டவாளத்தோட பிடிச்சு ஓட்டுற கட்டை, இந்தப் பக்கத்து ஷூ, தேஞ்சிருக்கு. பெட்டி ஒரு அளவா இந்தப் பக்கம் சாய்ஞ்சா தண்டவாளத்துல உரசுது. அம்மா எடையும், அம்மா சாயுற சாய்ப்பும் சரியா அந்த அளவு. ஒரு மணி நேர வேலை, புதுசு மாத்திட்டா சத்தமே வராது."

"மாத்தாதே" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பஞ்சு வாய்க்காரர்கூட ஏதோ சொன்னார்.

"அந்த உரசல் சத்தம் இதுங்க காதுக்கு இன்னொரு ஆண் தவளை கத்துற மாதிரி இருக்கு" என்றாள் அந்தப் பெண். "நம்ம எடத்துல வேற ஒருத்தன் கத்துறானேன்னு எல்லாம் போட்டிக்குக் கிளம்பிடுது. டாக்டர் போட்ட சத்தம் பெரிய தவளை மாதிரி, பயந்துக்கிச்சு. அம்மா போட்டது சரியான அளவு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, இங்க சத்தமே நின்னுபோச்சு. நானும் வந்து லிஃப்டையே நிறுத்திட்டேன்."

"அப்ப என்னை ஆம்பளைத் தவளைன்னு நினைச்சுக்கிட்டுதான் இத்தனையும் என்னோட சண்டைக்கு வருதா?"

"ஆமாம்மா."

மனைவி சிரித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லாரிக்காரர், "அதுங்களுக்காவது உன்னை எதிர்த்துக் கத்தத் தைரியம் இருக்கே. எனக்கு இத்தனை வருஷத்துல வரலை" என்றார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. ஓட்டம் என்றால் சாதாரண ஓட்டமில்லை. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், மனைவி இடது மூலையில் ஏறி, ஏழாம் மாடிக்கும் தரைக்கும் போய்ப் போய் வர வேண்டும். சகலை கொண்டுவந்த மடக்கு நாற்காலியை மூலையில் போட்டு, உட்கார்ந்து சாய்ந்தாலும் அதே சத்தம் வந்தது. அதனால் நாற்காலி அங்கேயே தங்கிவிட்டது. சகலை தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். குளியலறைக் கம்பிகளில் இப்போது துணி காயப் போடுகிறார்களாம்.

மனைவிக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. ஒவ்வொரு மாடியிலும் கிரில்லுக்கு வெளியே பெண்கள் வந்து நின்றார்கள். மூன்றாம் மாடியில் ஆரம்பித்த பேச்சை ஆறாம் மாடியில் முடித்தாள். இறங்கும்போது, ஆறாம் மாடி சொன்னதை மூன்றாம் மாடிக்குச் சொன்னாள். யாராவது அவசரமாக ஏற வந்தால், "வேலை நடக்குது, கொஞ்சம் பொறுங்க" என்றாள். தேய்ந்த ஷூவை யாராவது தொட்டுவிடப் போகிறார்களே என்று பல் டாக்டரே வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு கோளாறைக் காப்பாற்ற அவர் பாடுபட்டது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் அந்தப் பெண் ஏழாம் மாடிக்கே ஓடிவந்து கதவைத் தட்டினாள். "ஐயா, முட்டை."

"பாக்காம நம்பமாட்டேன்" என்று லாரிக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். குழி ஓரத்தில் சுவரை ஒட்டி, கஞ்சித் தண்ணீரில் கடுகு தெளித்த மாதிரி ஒரு திட்டு. அதன் பக்கத்தில் காவலுக்கு ஒரு தவளை. அவர் ரொம்ப நேரம் டார்ச்சை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் முட்டையை எடுத்துட்டுப் போய்த் தொட்டியில வளக்கப் போறோம்" என்றாள் அந்தப் பெண். "இந்த ஒரு குழியையே நம்பி விட முடியாதுல்ல."

"அது சரி. எதையும் ஒண்ணை மட்டும் நம்பக் கூடாது" என்றார் லாரிக்காரர். இந்தப் பெண் தேறுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடி நடந்தது. மனைவி வீட்டுக்கு வந்தாள். ஆனால் வீட்டில் இருந்தாளா என்றால், பாதி நாள் லிஃப்டில்தான் இருந்தாள். சமையல் இன்னும் அவர் தலையில்தான். சரி, நாமும் கூடப் போய் உட்காரலாம், அங்கேயாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு சாயங்காலம் அவர் கீழே போய் அவளோடு லிஃப்டில் ஏறினார். இரண்டு மாடி போனதும் பெண் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. அன்னைக்கு மூணு பேரா நின்னப்ப எடை ஈடாயிருந்துது, இப்ப நீங்க மட்டும் கூட ஏறினதும் எடை ஒரு பக்கமாப் போய் சத்தம் மாறுது. எல்லாம் வாயை மூடிக்கிச்சு. கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?"

லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கதவைக் காட்டினாள்.

இரண்டாம் மாடியில் இறங்கிப் படியேறினார். லிஃப்ட் அவர் வேகத்துக்குத் தோதாக மெல்ல முனகிக்கொண்டு பக்கத்திலேயே ஏறியது.

"மூச்சு வாங்குதா?" என்றாள் கிரில்லுக்குள் இருந்து, மூன்றாம் மாடியில்.

"இல்லை."

"வாங்குற சத்தம் கேக்குதே."

"அது தவளை."

நாலாம் மாடியில் சன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி நின்றார். லிஃப்ட் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அவர் ஐந்தாம் மாடி வந்தபோது அது மேலே போய்த் திரும்பி, இறங்கி வந்துகொண்டிருந்தது.

"எங்க அதுக்குள்ள கீழே போற?"

"கூப்பிட்டுட்டாங்க. நீங்க போங்க, வந்துடுறேன். சாதத்தை மட்டும் அடுப்புல வெச்சுடுங்க."

"வீட்டுச் சாவி?"

"ஏறினப்ப நீங்க கொடுத்தது என்கிட்டதான் இருக்கு. அடுத்த தடவை வரும்போது தரேன்."

லாரிக்காரர் ஏழாம் மாடிக்குப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தார். குழிக்குள்ளிருந்து சீப்புச் சத்தம் கிணற்றில் எதிரொலிக்கிற மாதிரி மேலே வந்தது. கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறி வந்து நின்றது. மனைவி கிரில்லைத் திறக்காமலே, ஆறாம் மாடிக்காரி மருமகளைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். நம்பவே முடியாத விஷயம். நம்ப முடியாது என்று அவரும் சொன்னார். எப்படி நம்ப முடியாது என்று அவள் கேட்டாள். அவர் காரணம் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் லிஃப்ட் கிளம்பிவிட்டது. அவள் தலை தரைக்குள் இறங்கி மறைந்த பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது.